மூன்று சுழி ஆட்சேபணை

ஜனவரி 8

சிவப்பு மை அக்காவுக்கு,

போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதைத் திருத்திவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும். நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது நான் எழுதிய கடிதங்களையே, எங்கே மூன்று சுழி ண, எங்கே இரண்டு சுழி ன என்று சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவள் நீ. இதற்கும் வட்டம் போட்டுக்கொள். முதலில் படி.

அம்மாவின் கால் புண்ணுக்கு வாரம் மூன்று நாள் கட்டு மாற்றுகிறார்களே, அந்த சுகாதார நிலையத்தை இங்கிருந்து தூக்கப் போகிறார்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம். திங்கட்கிழமை நகர மன்றத்து ஆள் வந்து கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனான். நான் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர ஆறு வரிசை வண்டிகளைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் நடைபாலம். படிகளை எண்ணினேன், அறுபத்திரண்டு. அம்மாவிடம் சொன்னேன். வாக்கரைத் தட்டிக்கொண்டே, "ஏறிடுவேன்டி. இறங்குறது அடுத்த வாரம்" என்றாள்.

தெருவே என் தையல் கடைக்கு வந்து, சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே புலம்பிவிட்டுப் போகிறது. புலம்பல் என் சுவருக்குத்தான் கேட்கிறது. உன் பத்திரிகையில் வாசகர் கடிதம் பகுதியைப் பத்தொன்பது வருடமாக நீதான் பார்க்கிறாய். என்னுடையதையும் இதோடு வைத்திருக்கிறேன். போடு. போடாவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

ஊசி


ஜனவரி 15

ஊசிக்கு,

நேற்றுப் பத்திரிகையில் வந்துவிட்டது, எட்டாம் பக்கம், இடது மேல் மூலை. நீ எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு சொல். எங்கள் பகுதியில் ஒருவருக்கு எண்பதுதான். "கேட்பாரில்லையா" மூன்று தடவை எழுதியிருந்தாய், மூன்றையும் எடுத்துவிட்டேன். ஆண்டவனை ஒரு தடவை கூப்பிட்டிருந்தாய், அவரையும் அனுப்பிவிட்டேன். "இறங்குறது அடுத்த வாரம்" என்று அம்மா சொன்னதைக் கடைசி வரியாக வைத்தேன். நீ அதை நடுவில் புதைத்திருந்தாய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊழியரின் உறவினர் கடிதத்தைப் போடக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் விதி இருக்கிறது. அம்மாவுக்காகத்தான் போட்டேன். "தையல்காரர், மூன்றாவது வார்டு" என்று மட்டும் கீழே இருக்கிறது. நீ என் தங்கை என்று எவரிடமும் வாயைத் திறக்காதே.

ரொம்ப எதிர்பார்க்காதே. வாசகர் கடிதத்தால் ஒரு குழாய் ஒழுகல் நின்று நான் பார்த்ததில்லை. "வார்டு" என்பதற்குச் சின்ன ர போதும். பெரிய ற போட்டிருந்தாய்.

அக்கா


ஜனவரி 29

அக்கா, அக்கா, அக்கா,

குழாய் நின்றுவிட்டது! இல்லை, இன்னும் நிற்கவில்லை. ஆனால் ஊரே அதைத் திரும்பிப் பார்க்கிறது.

நகல் கடைக்காரர் என் கடிதத்தை நாற்பது பிரதி எடுத்து, சுகாதார நிலையத்திலிருந்து நடைபாலம் வரை ஒட்டினார். சனிக்கிழமை காலை எல்லாரும் பாலத்தடியில் கூடினோம். முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், இருநூறு பேர். மருந்துக்கடைக்காரர் அம்மாவின் வாக்கரைத் தூக்கிக்கொண்டு படியேறிக் காட்டினார், பாதியில் உட்கார்ந்துவிட்டார். டீவி வண்டி வந்தது. செய்தியாளர் மைக்கை நீட்டி, "நீங்கதான் இந்த மக்களோட குரலா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் தையல்காரி" என்றேன். அதையே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டார்கள். போட்டுவிட்டு என் முகத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா? "மக்களின் குரல்".

ஒன்பது வருடமாக என் கடை வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே தாண்டிப் போன கவுன்சிலர், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். அம்மா உங்கள் பத்திரிகையில் வந்த என் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் என்னையே நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். உன் ஆசிரியரே போன் செய்தார்! பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி எழுத வேண்டுமாம். "பேசுற மாதிரி எழுதுறீங்கம்மா. எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஒரு ஆள் இல்ல" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உனக்குப் பெருமையாக இருக்கும்தானே?

ஊசி


பிப்ரவரி 3

ஊசிக்கு,

பெருமையாக இருக்கிறது.

இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதையும் நீயே கேட்டுக்கொள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் ஆசிரியர் எட்டாம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "இந்தத் தையல்காரம்மாவைப் பாருங்க. எண்பது சொல்லுல ஒரு வார்டையே கண்ணு முன்னாடி நிறுத்திட்டாங்க. நாம எல்லாம் எதுக்குப் படிச்சோம்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த எண்பதை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து யார் எடுத்தது? அம்மா சொன்னதைக் கடைசிக்குக் கொண்டுபோனது யார்? சொல்ல முடியுமா? சொன்னால் விதி.

பத்தி எழுதக் கேட்டு நான் அவரிடம் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை "பாக்கலாம்மா" என்றார். இரண்டாம் தடவை "உங்க கை வெட்டுற கைம்மா, அதை விட்டா நமக்கு யாரு இருக்கா" என்றார். மூன்றாம் தடவை அறைக்கு வெளியே கோப்போடு நின்றுவிட்டு, கேட்காமலே என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். உனக்கு மட்டும் தானாகவே போன் வருகிறது.

போன வாரம் அம்மாவோடு பேசினேன். பதினைந்து நிமிடமும் நீதான். வைக்கும்போது, "நீ சாப்ட்டியா?" அவ்வளவுதான் எனக்கு. அலமாரிக் கதவில் என்னுடையது எதுவும் ஒட்டியிருக்கிறதா? எதை ஒட்டுவது? என் வேலையில் பெயர் வராது. நான் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே நான் இருந்ததே யாருக்கும் தெரியாது.

டீவிக்காரன் இரண்டு வாரத்தில் வேறு தெருவுக்குப் போய்விடுவான், அதையும் தெரிந்துகொள். பத்தாவதோடு நின்றவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் புதிதாகத்தான் இருக்கும்.

கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. மையில் எழுதுவதில் இதுதான் தொல்லை, அடித்தாலும் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நான் பத்தாவதோடு ஏன் நின்றேன் என்று உனக்குத் தெரியாதா? "பெரியவ கெட்டிக்காரி, அவ மேல படிக்கட்டும். சின்னவளுக்குக் கை நல்லா வருது" என்று அப்பா சொன்ன அன்றைக்கு நீயும் அதே அறையில்தான் இருந்தாய். மறுநாள் நான் மெஷினில் உட்கார்ந்தேன். நீ பெட்டியோடு விடுதிக்குப் போனாய். அன்றைக்கு என் வயிறும்தான் எரிந்தது. எனக்கு எழுத வராததால் அது உனக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, சண்டையை எடுத்து வைத்துக்கொள்வோம், எங்கேயும் ஓடிவிடாது. சுகாதார நிலைய அறிவிப்புக்கு மக்கள் எழுதிக் கொடுக்கும் கெடு மார்ச் 5 மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

நகர மன்றத்துத் தபால் பிரிவு எழுத்தர் எனக்குத் தெரிந்தவர், அவர் சீருடை தைப்பது என் கடையில்தான். மக்கள் அனுப்பும் கடிதமெல்லாம் என்ன ஆகிறது என்று கேட்டேன். "தலைப்புல 'கோரிக்கை'ன்னு இருந்தா நம்பர் போட்டு பீரோவுல வெப்போம். 'ஆட்சேபணை'ன்னு இருந்தா மேசைக்குப் போகும். நூறு ஆட்சேபணை சேர்ந்தா பொதுக்கூட்டம் போட்டுக் கேக்காம மன்றத்துல ஓட்டெடுப்பு நடத்த முடியாது" என்றார். "ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்றேன். "உங்களுக்கு ஒண்ணு. எங்க பீரோவுக்கு வேற" என்றார்.

டீவி செய்தியாளரிடம் இதைச் சொல்லச் சொன்னேன். "ரொம்ப டெக்னிக்கலா இருக்கேம்மா" என்றார். அதற்குப் பதில் பாலத்தடியில் நின்று கொஞ்சம் அழ முடியுமா என்று கேட்டார். உன் பக்கத்தைத்தான் ஜனங்கள் வெட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுகிறார்கள். என்ன எழுத வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நல்ல காகிதம் தீர்ந்துவிட்டது, இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, திருப்பிப் பார்.

எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டு. "ஆட்சேபணை" என்ற சொல்லை மட்டும் தொடாதே. அதில் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பார்த்துப் போடு, அது என் மண்டையில் ஏறவே ஏறாது. சொல் மட்டும் அதுவாகவே இருக்கட்டும்.

ஊசி


பிப்ரவரி 24

அக்கா,

இன்று எழுத்தர் பீரோவைத் திறந்து காட்டினார். முந்நூற்று நாற்பது கடிதம். ஓய்வு பெற்ற ஓட்டுநர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட ஆயா பென்சிலில் எழுதியிருக்கிறார். கையெழுத்து வராதவர்கள் கட்டைவிரல் பதித்திருக்கிறார்கள். எல்லாவற்றின் தலையிலும் "கோரிக்கை", "கோரிக்கை", "கோரிக்கை". பல கடிதங்களில் உன் பத்திரிகைத் துண்டைக் குண்டூசியில் குத்தியிருந்தார்கள்.

ஆட்சேபணை என்று இருந்து மேசைக்குப் போனவை பதினொன்று. என் கடைக்கே வந்து கேட்டு எழுதியவர்கள். அம்மாவுடையது அதில் ஒன்று.

பதினாறாம் தேதி பத்திரிகை வந்தபோது நான் அதைப் படிக்கவில்லை. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா என்று மடித்து வைத்துவிட்டேன். இன்றைக்கு, நான் எடுத்து வைத்திருந்த நகலோடு வைத்துப் பார்த்தேன். அழகாக வெட்டியிருக்கிறாய். எழுபத்தெட்டு சொல், ஒரு இடத்தில் கூட இடறவில்லை. மாறியிருப்பது ஒரே ஒரு சொல்.

மருந்துக்கடைக்காரர் என்னிடம் வந்து, "நீங்க சொன்னபடிதானேம்மா எழுதினோம்" என்றார்.

நீயா மாற்றினாய்? ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். பஸ் பார்சலில் அனுப்புகிறேன், நாளைக் காலை உன் கைக்கு வந்துவிடும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.


பிப்ரவரி 25

ஊசிக்கு,

ஒரு சொல்லில் பதில் சொல்கிற விஷயம் இல்லை இது. எங்கள் மொழிநடைக் கையேட்டில் கடினச் சொற்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. "ஆட்சேபணை" அதில் உண்டு. "எதிர்ப்பு" என்று போட்டால் சண்டைக்குப் போகிற தோரணை வந்துவிடும். ஆகவே "கோரிக்கை". அன்றைக்கு மட்டும் நூற்றுப் பத்து கடிதம் என் மேசையில். கைப்பழக்கத்தில் மாறியிருக்கிறது. நீ எழுதிய குறிப்பு வேறு தாளில் இருந்ததால் கடிதத்தோடு சேர்ந்து வரவில்லை, நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை இதழில் திருத்தம் வந்துவிடும், இரண்டாம் பக்கம், வலது கீழ் மூலை. இப்படி:

"திருத்தம்: பிப்ரவரி 16 அன்று வெளியான வாசகர் கடிதத்தில் 'ஆட்சேபணை' என்பது தவறுதலாகக் 'கோரிக்கை' என வெளியாகிவிட்டது. வருந்துகிறோம்."

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் திருத்தத்தைத் திருத்தி இதோடு அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை மருந்துக்கடைக்காரரிடம் கடன் வாங்கினேன். ஒரு சொல்லைத்தான் அடித்திருக்கிறேன். "தவறுதலாக".

என் குறிப்பு வேறு தாளில் இல்லை, அக்கா. பத்திரிகைக்கு எழுதியது அதே தாளின் பின்பக்கத்தில்தான் இருந்தது. ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தவள் மறுபக்கத்தைப் பார்க்கவில்லையா? காலி இடம் விட்டால் கூட ஏன் என்று கேட்கிறவள் நீ. என் தவறுகளை இத்தனை வருடம் வட்டம் போட்டவளுக்கு, எது தவறு, எது தவறில்லை என்று நானா சொல்லித்தர வேண்டும்?

இரண்டாம் பக்கத்து மூலையை யார் பார்க்கிறார்கள்? என் கடிதம் வந்த இடத்திலேயே போடு. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கேட்டாள், "பெரியவதான் அந்தப் பக்கத்தப் பாக்குறா, அவளுக்குத் தெரியாமயா போச்சு?" என்று.


மார்ச் 1

ஊசிக்கு,

நேற்றைய எட்டாம் பக்கத்தைப் பார்த்திருப்பாய். இடது மேல் மூலை, உன் இடம்தான். நகல் கடைக்காரருக்கு உதவும் என்று இங்கே மறுபடி எழுதுகிறேன்:

"இந்தப் பகுதியைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருபவள் நான். பிப்ரவரி 16 அன்று வெளியான தையல்காரரின் கடிதத்தில் 'ஆட்சேபணை' என்ற சொல்லை வேண்டுமென்றே 'கோரிக்கை' என்று மாற்றினேன். அவர் என் தங்கை. அவர் மேல் எனக்குப் பொறாமை. அதனால் முந்நூற்று நாற்பது பேரின் கடிதங்கள் பீரோவில் கிடக்கின்றன. மூன்றாவது வார்டு மக்கள் மார்ச் 5 மாலை ஐந்து மணிக்குள் 'ஆட்சேபணை' என்று தலைப்பிட்டு மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். மன்னிக்கவும்."

கீழே என் பெயர். ஆசிரியர் முதலில் ஒப்பவில்லை. "தப்பு நடந்துடுச்சுன்னு போட்டா போதாதாம்மா? பத்திரிகை மானம் போயிடும்" என்றார். அது பொய் என்றேன். கடைசியில், "டீவிக்காரன் தோண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நாமே போட்டுடலாம்" என்றார். அவருடைய நியாயம் அப்படி. நாளையிலிருந்து நான் இரங்கல் விளம்பரப் பக்கத்துக்குப் போகிறேன். அங்கே யார் மேலும் பொறாமைப்பட வழியில்லை.

உன் குறிப்பை இரண்டு தடவை படித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து நிதானமாகத்தான் மாற்றினேன், கோபத்தில் இல்லை. உங்கள் வார்டு தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நீ கொஞ்சம் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவின் கால் எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பாலத்தடியில் இருநூறு பேரோடு நீ நிற்கிற படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் உள்ளே சுருக்கென்கிறது.

என் ஓட்டு இன்னும் உங்கள் வார்டில்தான் இருக்கிறது, சோம்பலில் மாற்றவே இல்லை. செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்து, என் ஆட்சேபணையை நானே வரிசையில் நின்று கொடுக்கிறேன். கடைக்கு வரமாட்டேன், நீயாகக் கூப்பிட்டால் தவிர.

அக்கா


மார்ச் 7

சிவப்பு மை அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ வரிசையில் நின்றதைப் பார்த்தேன். எதிரே நகல் கடைக்குள்தான் நான் இருந்தேன். ஓய்வு பெற்ற ஓட்டுநர் உன்னிடம் ஏதோ சொன்னார், நீ தலையைக் குனிந்துகொண்டாய். மனசு ஒரு மாதிரி ஆயிற்று, ஆனாலும் கூப்பிடவில்லை. அவர் பேசட்டும் என்று விட்டேன். நான்கு பக்கத்தையும் மறுபடி கைவலியோடு எழுதியவர் அவர்.

மொத்தம் இருநூற்று ஆறு சேர்ந்தது. நூறு போதும். உன்னுடையது நூற்று நாற்பத்து மூன்றாவது. நீ வராவிட்டாலும் நடந்திருக்கும், ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. இருபத்தெட்டாம் தேதி பொதுக்கூட்டம். ஜெயிப்போமா தெரியாது, ஆனால் எங்களைக் கேட்காமல் கையைத் தூக்க முடியாது. கவுன்சிலர் தைத்த சட்டையை இன்னும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

எழுத்தர் உன் தாளை எடுத்துக் காட்டினார். தலைப்பில் இரண்டு சுழி போட்டிருக்கிறாய், அக்கா. "ஆட்சேபனை". நீ! "ரெண்டு சுழின்னாலும் மேசைக்குத்தான் போகும்" என்றார் அவர். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி சேர்த்தேன். மருந்துக்கடைக்காரரின் பேனாவை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

டீவி செய்தியாளர் மறுபடி வந்தார். பொதுக்கூட்டம் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேச வேண்டுமாம். "நாங்க கடிதத்துலதாங்க பேசிக்குவோம்" என்று அனுப்பிவிட்டேன்.

உன் ஆசிரியரிடம் பத்தி எழுதச் சம்மதித்துவிட்டேன். உன் வயிறு நன்றாக எரியட்டும். முதலில் உனக்குத்தான் அனுப்புவேன். வெட்டிக்கொடு, ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் கை இருக்காது. இன்னும் மன்னிக்கவில்லை, நினைவிருக்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு நீ விடுதிக்குப் போன நாளிலிருந்து, என்னைப் பார்த்து நீ பொறாமைப்படுகிற காலம் ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோது கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமைப் பத்திரிகை வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "பெரியவ பேரு பேப்பர்ல வந்துருக்குடி. கத்தரிக்கோல் எடு" என்றாள்.

"என்ன எழுதியிருக்கான்னு படிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"படிச்சேன், படிச்சேன். உன் படத்தக் கொஞ்சம் தள்ளி ஒட்டு. அவளுக்கு எடம் வேணும்."

தள்ளி ஒட்டியிருக்கிறேன்.

ஊசி